மார்த்தாவின் சனிக்கிழமை

வானொலி மறையுரை
பொதுக்காலத்தின் 16-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
வாசகங்கள்: தொடக்க நூல் 18:1-10, கொலோசையர் 1:24-28, லூக்கா 10:38-42



சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் பங்கில் வீடு சந்திக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் செபம் சொல்லி, விடைபெற்று, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு அம்மா கேட்டைப் பிடித்தபடி நின்று ஒரு வேண்டுகோள் வைத்தார். "சாமி, அடுத்த ஞாயிறு மார்த்தா மரியா வாசகம் வருது. இந்தத் தடவையாவது மார்த்தாவைத் திட்டாம பிரசங்கம் வைங்க."

நான் சிரித்துவிட்டேன். தெரு முனை வரைக்கும் வந்த பிறகுதான், அவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

யோசித்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த நற்செய்தி ஞாயிறு திருப்பலியில் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மறையுரையைத்தான் வைத்திருக்கிறேன். அடுப்படியை விட்டு வாருங்கள், ஆண்டவரின் காலடியில் அமருங்கள், மரியாவைப் போல இருங்கள் என்று பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே ஞாயிறு மதியம் ஏதாவது ஒரு மார்த்தாவின் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே இன்றைய மறையுரை அந்த அம்மாவுக்கு நான் தர வேண்டிய பதில். அதே மாலையில் அவருடைய கணவர் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் இங்கேயே பதில் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, பெயர் சொல்லாமல், அன்று அங்கே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார்; மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் அவருக்கு விடுமுறை. மருமகள்தான் வேண்டுகோள் வைத்த அம்மா. பேரன் ப்ளஸ் டூ, பேத்தி எட்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை இரவே தாத்தா நாட்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒன்பது வேலைகளை எண் போட்டு எழுதிவிட்டார். ஓடாமல் நிற்கும் மொபெட், தொய்ந்துபோன பைக் செயின், சொட்டுகிற சமையலறைக் குழாய், கீல் துருப்பிடித்த கேட், மொட்டை மாடியில் இலை அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய் வாய், மேல்நிலைத் தொட்டி, சுரூபத்துக்கு மேலே எரியாமல் இருக்கும் விளக்கு, ஆடிப்பட்டத்துக்கு மண் தயார் செய்தல், அவரைக்குப் பந்தல்.

காலை ஏழு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். அந்த மொபெட் அம்மாவின் வண்டி. மே மாதத்திலிருந்து கிளம்பவில்லை. கடைக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் அவர் நடந்துதான் போய்க்கொண்டிருந்தார். தாத்தா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, பேரனை வேலை செய்ய விட்டார். அவன் பிளக்கைக் கழற்றினான். கன்னங்கரேலென்று கார்பன் படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பெட்ரோல் துணியையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, பிளக்கை என்ஜின் இரும்பில் ஒட்டவைத்து உதைத்துப் பார்த்தால் சின்னதாக நீலப் பொறி வந்தது. மாட்டி உதைத்தான். கிளம்பவில்லை. பேரன் கைபேசியைத் தேடி எழுந்தபோது தாத்தா சொன்னாராம்: "பொறி வருது. பெட்ரோல் வருதான்னு பாருடா." கார்புரேட்டரைப் பிரித்தார்கள். இரண்டு மாதம் நின்ற பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஜெட்டை அடைத்திருந்தது. புது பெட்ரோலில் கழுவி, ஊதி, மாட்டி, ஐந்தாவது உதையில் புகை கக்கிக்கொண்டு வண்டி உயிர் பெற்றது. இந்தக் கதையை அந்தப் பையன் என்னிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் மூன்று ஆண்டுகளாக அவன் வாயிலிருந்து இத்தனை வார்த்தை நான் கேட்டதில்லை.

மாடியில் அப்பாவும் மகளும் செம்மண்ணையும் மணலையும் மக்கிய தொழு உரத்தையும் கலந்து, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டு, தொட்டிகளை நிரப்பினார்கள். மேல்நிலைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். குழாய்க்கு வாஷர் மாற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. தாளில் எட்டு வேலைகளுக்குக் கோடு போட்டிருந்தது. பந்தல் மட்டும் பாக்கி. மகன் என்னை ஒவ்வோர் இடமாக அழைத்துப்போய்க் காட்டினார். பிறகு கூடத்தில் உட்கார்ந்தோம். அம்மா டீ கொண்டுவந்து வைத்தார்.

"எட்டு வேலை முடிஞ்சிருச்சு சாமி" என்றார் மகன்.

"அது என்ன எட்டு?" என்றார் அந்த அம்மா. "காலையில இட்லி, பத்து மணிக்கு மோர், மதியம் சாப்பாடு, இப்ப டீ. கிரீஸ் படிஞ்ச துணி ஒரு பக்கெட். தொட்டியைக் காலி பண்றதுக்கு முன்னால குடம் குடமாத் தண்ணி பிடிச்சு வெச்சேனே, அது எந்த நம்பர்?"

யாரும் பதில் சொல்லவில்லை. சண்டையும் நடக்கவில்லை. எல்லாரும் டீயைக் குடித்தோம். நானும் குடித்தேன்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, மகன் கேட்டார்: "பந்தல் மட்டும்தான் சாமி பாக்கி. நாளைக்குக் காலையில அதையும் முடிச்சிடலாம்னு இருக்கேன். ஞாயிற்றுக்கிழமை வேலை செஞ்சா பாவமா?"

அன்பார்ந்தவர்களே, இந்த இரண்டு கேள்விகளும் வேறு வேறு போலத் தெரிகின்றன. மார்த்தாவின் வேலைக்கு என்ன மதிப்பு என்பது ஒன்று. ஞாயிறு ஓய்வு யாருக்கு, எதற்கு என்பது மற்றொன்று. இன்றைய வாசகங்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன.

முதலில், வேலையைத் தண்டனை என்று நினைக்கும் பழக்கத்தை விட வேண்டும். தொடக்க நூல் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் மனிதரை ஏதேன் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் பொறுப்புக் கொடுக்கிறார். பாவம் நுழைவது மூன்றாம் அதிகாரத்தில்தான். அதாவது, மண்ணைக் கிளறும் வேலை பாவத்துக்கு முந்தியது. பாவத்தினால் வந்து சேர்ந்தவை முள்ளும் நெற்றி வியர்வையும், அதைவிட மோசமாக, ஆணும் பெண்ணும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவதும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை பிரச்சினையாவது பெரும்பாலும் வேலையின் கனத்தால் வருவதில்லை. அதைச் செய்கிறவர்களுக்கு இடையே விழும் விரிசலால் வருகிறது.

இன்றைய முதல் வாசகத்தில் விரிசல் இல்லாத ஒரு வேலைநாளைப் பார்க்கிறோம். மம்ரேயில் உச்சி வெயில் நேரத்தில் ஆபிரகாம் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் வருகிறார்கள். வயதான அந்த மனிதர் எழுந்து ஓடுகிறார். கால் கழுவத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்கிறார். சாரா மாவைப் பிசைகிறார். அதுவும் கொஞ்ச மாவு இல்லை, மூன்று மரக்கால்! மூன்று விருந்தாளிகளுக்கு அது எவ்வளவு அதிகம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆபிரகாமே மாட்டு மந்தைக்கு ஓடி, இளங்கன்றைத் தேர்ந்தெடுக்கிறார். வேலைக்காரர் அதைச் சமைக்கிறார். பிறகு குடும்பத் தலைவரான ஆபிரகாம் தாமே பரிமாறி, அவர்கள் சாப்பிடும்வரை அருகில் நிற்கிறார். எத்தனை கைகள் பாருங்கள். யாரும் தனியாக விடப்படவில்லை. அந்த விருந்தின் முடிவில்தான் சாராவுக்கு ஒரு மகன் பிறப்பான் என்ற வாக்கு வருகிறது. விருந்தாளி முதலில் கேட்டது சாரா எங்கே என்றுதான். சமையலுக்குப் பின்னால் இருந்தவரைக் கடவுள் பெயர் சொல்லி விசாரிக்கிறார்.

இப்போது பெத்தானியாவுக்கு வருவோம். இங்கேயும் விருந்தாளி கடவுள்தான். இங்கேயும் ஒருவர் ஓடி ஓடி வேலை செய்கிறார். ஆனால் இங்கே ஒரே ஒருவர்தான் செய்கிறார். மார்த்தாவின் முறையீட்டைக் கவனித்துக் கேளுங்கள். வேலை அதிகம் என்று அவர் அழவில்லை. தங்கை தன்னைத் தனியாக விட்டுவிட்டாள், அது உமக்குக் கவலையில்லையா என்றுதான் ஆண்டவரிடம் கேட்கிறார். அவரை வாட்டியது அந்தத் தனிமை.

குருமடத்தில் கிரேக்க மொழி படித்தபோது, இந்தப் பகுதியில் லூக்கா பயன்படுத்தும் வினைச்சொல்லைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்கியது நினைவிருக்கிறது. மார்த்தாவின் நிலையைக் குறிக்க லூக்கா எழுதும் சொல்லுக்கு, நாலாபக்கமும் இழுக்கப்படுதல் என்று பொருள். அடுப்பு ஒரு பக்கம், விருந்தாளி ஒரு பக்கம், தங்கை மேல் கோபம் ஒரு பக்கம், ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம் ஒரு பக்கம். அவர் செய்த வேலைக்கு லூக்கா வைக்கும் பெயரோ பணிவிடை. திருஅவையில் திருத்தொண்டர்கள் என்ற பட்டம் பிறந்த அதே சொல் அது. ஆகவே வேலையை நற்செய்தி குறைத்துப் பேசவில்லை. இழுபட்டுக் கிழிந்துபோன மனதைத்தான் ஆண்டவர் பார்த்தார்.

அதனால்தான் அவர் மார்த்தாவின் பெயரை இரண்டு முறை சொல்லி அழைக்கிறார். விவிலியத்தில் கடவுள் ஒருவரை இரட்டித்து அழைக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். மகனைப் பலியிடக் கை ஓங்கிய ஆபிரகாம், எரியும் முட்செடி முன் நின்ற மோசே, ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல், தமஸ்கு வழியில் விழுந்த சவுல். வாழ்க்கை திரும்பும் இடத்தில் கேட்கிற அழைப்பு அது. அந்த வரிசையில் அடுப்படியிலிருந்து வந்து நின்ற ஒரு பெண்ணும் இருக்கிறார். அதைத் திட்டு என்று எப்படிச் சொல்வது?

மரியா காலடியில் அமர்ந்ததை ஆண்டவர் ஏன் நல்ல பங்கு என்று சொன்னார்? ஆசிரியரின் காலடியில் அமர்வது அந்தக் காலத்தில் சீடருக்குரிய இடம். கமாலியேலின் காலடியில் பயின்றதாகப் பவுல் சொல்வதைத் திருத்தூதர் பணிகளில் வாசிக்கிறோம். ஆண்கள் மட்டும் உட்கார்ந்த அந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்தபோது, அது அவளிடமிருந்து பறிக்கப்படாது என்று இயேசு காவல் நிற்கிறார். அந்த இடம் மார்த்தாவுக்கும் உரியது. மார்த்தா அங்கே வந்து உட்கார வேண்டுமானால் யாராவது எழுந்து கரண்டியைப் பிடிக்க வேண்டும். அதைப் பற்றி நாம் மறையுரையில் பேசுவதில்லை.

போன ஞாயிறு நாம் கேட்ட நற்செய்தி எது? நல்ல சமாரியர் உவமை. அதன் முடிவில் நீயும் போய் அப்படியே செய் என்ற கட்டளை. லூக்கா அந்த உவமையை முடித்த அடுத்த வரியிலேயே பெத்தானியா வீட்டுக்குள் நம்மை அழைத்துப்போகிறார். முன்னது செய் என்கிறது, பின்னது கேள் என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் ஒரே நற்செய்தியாளர். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட நமக்கு உரிமை இல்லை.

மார்த்தாவின் கதை இத்தோடு முடியவும் இல்லை. யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில், சகோதரர் இலாசர் இறந்த துயரத்தில், இயேசுவே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிடுகிறவர் மார்த்தாதான். மத்தேயுவில் பேதுரு செய்யும் அறிக்கைக்கு இணையானது அது. 12-ஆம் அதிகாரத்தில், பாஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு, மறுபடியும் அதே பெத்தானியாவில் விருந்து. மார்த்தா மறுபடியும் பரிமாறுகிறார். இந்த முறை முறையீடு ஏதும் இல்லை. வேலை மாறவில்லை, அவருடைய மனம் ஒன்றுசேர்ந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 29-ஆம் நாளை மார்த்தா, மரியா, இலாசர் மூவருக்கும் சேர்த்து நினைவுநாளாக்கினார். அதுவரை மார்த்தாவுக்கு மட்டுமே இருந்த நாள் அது. இப்போது அந்த வீடு முழுவதும் ஒரே நாளில் நினைக்கப்படுகிறது.

இனி, வீட்டு வேலை எப்படிப் புனிதமாகிறது என்பதற்கு வருவோம். நாசரேத்துக்காரர்கள் இயேசுவைப் பார்த்து, இவர் தச்சர் அல்லவா என்று வியந்ததை மாற்கு எழுதுகிறார். மூலமொழியில் உள்ள சொல் மரவேலை, கட்டட வேலை செய்யும் கைவினைஞரையும் குறிக்கும். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின், பாலஸ்தீன மண்ணில் பிறந்தவர். இயேசு கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று அவர் குறிப்பிடுகிறார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாட்டின் கழுத்தைப் புண்ணாக்காமல் நுகத்தைச் செதுக்கத் தெரிந்த கை, பிற்காலத்தில் என் நுகம் அழுத்தாது என்று சொன்னவரின் கை. உலக மீட்பர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு பட்டறையிலும் ஒரு வீட்டிலும் கழித்தார். அவர் வேலை கற்றுக்கொண்டது ஒரு தந்தையின் அருகில் நின்று. நம் தாத்தா ஸ்டூலில் உட்கார்ந்து பேரனை ஸ்பானர் பிடிக்க விட்டாரே, அது சின்ன விஷயம் இல்லை. அவரே செய்திருந்தால் அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பியிருக்கும். காலை முழுவதும் எடுத்துக்கொண்டார். வண்டியோடு சேர்த்து ஒரு பையனும் கிளம்பினான்.

துறவற வாழ்வின் தந்தை புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குமுறையில் இரண்டு செய்திகள் எனக்கு மிகவும் பிடிக்கும். துறவு மடத்தின் பண்டகக் காப்பாளர், மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்தின் திருக்கலங்களைப் போலக் கருத வேண்டும் என்கிறார். மண்வெட்டிக்கும் பூசைப் பாத்திரத்துக்கும் ஒரே மரியாதை! நம் தாத்தாவுக்குப் பெனடிக்டைத் தெரியாது. ஆனால் நான் அங்கே இருந்தபோது அவர் ஒவ்வொரு ஸ்பானரையும் வேஸ்ட் துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, அளவு வாரியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "துடைக்காம வெச்சா தூக்கம் வராது சாமி" என்றார்.

பெனடிக்டின் இரண்டாவது செய்தி நம் கேள்விக்கு நேராக வருகிறது. மடத்தில் சமையல் வேலையைச் சகோதரர்கள் வாரம் ஒருவராக மாறி மாறிச் செய்ய வேண்டும் என்கிறார். நோயாளிகளுக்கும் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் தவிர விலக்கு இல்லை. பலவீனமானவர்கள் மனம் சோராமல் இருக்க, அவர்களுக்கு உதவிக்கு ஆள் கொடுக்க வேண்டும். சனிக்கிழமையன்று, வாரம் முடிக்கிறவர் எல்லாவற்றையும் துப்புரவு செய்து, துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரம் முடிக்கிறவரும் அடுத்த வாரம் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய காலடிகளையும் கழுவ வேண்டும். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னால், ஆண்கள் மட்டும் வாழ்ந்த வீட்டில், சமையல் முறைவைத்துச் செய்யப்பட்டது. பெரிய வியாழன் சடங்கைப் போல மதிக்கப்பட்டது. நம் வீடுகளில் அது இன்னும் எண் போடப்படாத வேலையாகவே இருக்கிறது.

அடுத்து, அந்தக் கணவர் கேட்ட கேள்வி. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் பாவமா?

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முன்பு உடலுழைப்பு வேலைகள் ஞாயிற்றில் கூடாது என்று பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். 1917-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டம் அப்படித்தான் பேசியது. 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, எண் 1247-இல், வேறு விதமாகப் பேசுகிறது. ஞாயிறும் கடன் திருநாள்களும் நம்பிக்கையாளர் திருப்பலியில் பங்கேற்க வேண்டும். கடவுளுக்குரிய வழிபாட்டுக்கும், ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும், உள்ளமும் உடலும் பெற வேண்டிய ஓய்வுக்கும் இடையூறாக இருக்கும் வேலைகளை விட்டுவிட வேண்டும். மூன்று அளவுகோல்கள்: வழிபாடு, மகிழ்ச்சி, ஓய்வு. குடும்பத்தின் உண்மையான தேவைக்காகச் செய்யும் வேலைக்குத் திருஅவையின் மறைக்கல்வி இடம் தருகிறது. நோயாளியைப் பார்ப்பது, குழாய் உடைந்து தண்ணீர் கொட்டினால் அடைப்பது, இதற்கெல்லாம் யாரும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடி வர வேண்டியதில்லை. 321-ஆம் ஆண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் முதன்முதலாக ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியபோது கூட, பருவம் தப்பிவிடக்கூடாது என்று உழவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்.

அப்படியானால் அவரைப் பந்தல்? அதைக் கட்டுவது பாவமா என்று என்னைக் கேட்டால், இந்த மூன்று அளவுகோல்களையும் வீட்டில் உள்ள எல்லாருக்கும் வைத்துப் பாருங்கள் என்பேன். பந்தல் கட்டுகிறவருக்கு அது பொழுதுபோக்காகவே இருக்கலாம். மாலையில் மகளோடு சேர்ந்து கயிறு கட்டினால் மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்காகத் திருப்பலியை விட்டால், வழிபாடு போயிற்று. அவருக்குக் காலை டிபன், மதியம் கறிக்குழம்பு என்று ஒருவர் அடுப்படியில் நின்றால், இன்னொருவரின் ஓய்வும் போயிற்று. மறைக்கல்வி இதையும் தெளிவாகச் சொல்கிறது: ஆண்டவருடைய நாளை மற்றவர் அனுசரிக்க முடியாதபடி தேவையில்லாத வேலைகளை அவர்கள்மேல் சுமத்தக் கூடாது.

இந்த இடத்தில் பத்துக் கட்டளைகளை ஒருமுறை திறந்து பாருங்கள். ஓய்வுநாளில் யார் யார் வேலை செய்யக்கூடாது என்று விடுதலைப் பயண நூல் பட்டியல் தருகிறது. நீ, உன் மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், கால்நடை, உன்னோடு இருக்கும் அந்நியர். மாட்டுக்குக்கூட ஓய்வு உண்டு. ஆனால் மனைவி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. நீ என்ற அழைப்பிலேயே கணவனும் மனைவியும் சேர்ந்து அடங்கிவிடுகிறார்கள் என்று விவிலிய அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். இருவரும் ஓருடல் அல்லவா? ஆனால் நடைமுறையில் நாம் எப்படி வாசிக்கிறோம்? பெயர் இல்லாததால் ஓய்வும் இல்லை என்பது போலத்தான் பல வீடுகளில் ஞாயிறு நடக்கிறது. கறி எடுத்து வரும் ஞாயிறுதான் அடுப்படியில் அதிக வேலை. ஆறு மணித் திருப்பலிக்குத் தனியாக ஓடி வந்து, நன்மை வாங்கியதும் நன்றி செபத்துக்குக்கூட நிற்காமல் ஓடும் தாய்மார்களை நான் பீடத்திலிருந்து பார்க்கிறேன்.

இணைச்சட்ட நூல் அதே கட்டளைக்கு இன்னொரு காரணம் சொல்கிறது. நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்ததை மறவாதீர்கள் என்கிறது. ஓய்வுநாள் என்பது விடுதலையின் நினைவு. வீட்டில் ஒருவர் மட்டும் எகிப்திலேயே இருக்க, மற்றவர்கள் செங்கடலைக் கடந்துவிட்டோம் என்று பாட முடியாது.

ஆகவே அந்த இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் ஒன்றுதான். வேலை யாரையும் தனியாக விடாமலும், ஆண்டவரின் குரலை அமுக்காமலும் நடந்தால், கார்புரேட்டர் கழுவுவதும் திருப்பணிதான். ஒருவரைத் தனியே விட்டுவிட்டால், பீடத்தை அலங்கரிப்பதும் வெறும் வேலையாகிவிடும்.

வீட்டில் செய்து பார்க்க மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது, வேலைப் பட்டியல் எழுதும்போது சமையலுக்கும் துணிக்கும் தண்ணீருக்கும் எண் போடுங்கள். எண் போட்ட வேலையைத்தான் பகிர்ந்துகொள்ள முடியும். மகனுக்கு ஸ்பானரும் மகளுக்குக் கரண்டியும் என்று பிரிக்காதீர்கள். இருவருக்கும் இரண்டையும் கற்றுக்கொடுங்கள்.

இரண்டாவது, சனிக்கிழமை மாலை ஒரு நேரத்தில் வேலையை நிறுத்துங்கள். முடிந்தவரை முடித்தது போதும். திருவழிபாட்டில் ஞாயிறு சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றுவதும் அதனால்தான். கருவிகளைத் துடைத்து வைத்து, கை கால் கழுவி, சுரூபத்துக்கு முன் ஐந்து நிமிடம் சேர்ந்து நில்லுங்கள். அன்று ஒவ்வொருவரும் மற்றவருக்காகச் செய்ததைப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள்.

மூன்றாவது, ஞாயிறு திருப்பலிக்குக் குடும்பமாக வாருங்கள். காணிக்கைப் பவனியில் அப்பமும் இரசமும் பீடத்துக்கு வருகின்றன. கோதுமையும் திராட்சையும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மண் தந்ததோடு மனிதர் கை பட்டால்தான் அப்பமும் இரசமும் ஆகும். அந்த அப்பத்தோடு உங்கள் சனிக்கிழமையையும் வையுங்கள்: பிளக்கைத் தேய்த்த கை, மண் கலந்த கை, பாத்திரம் துலக்கிய கை. கடவுள் அவற்றை எடுத்துத் தம் மகனின் உடலாக நமக்குத் திருப்பித் தருகிறார்.

அந்தக் குடும்பத்தில் மறுநாள் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இந்த வாரம் அனுமதி கேட்கப் போனபோது தெரிந்துகொண்டேன். ஞாயிறு காலை ஐந்து பேரும் ஒன்றாகத் திருப்பலிக்கு வந்தார்கள். அதை நானே பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் அப்பாவும் மகனும் வெங்காயம் உரித்தார்கள். தாத்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டார். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டதாம். அந்த அம்மா மொபெட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பங்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய், நெடுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மணிக்குத்தான் திரும்பினாராம்.

பந்தல் இன்னும் போடவில்லை. ஆடி இப்போதுதான் பிறந்திருக்கிறது. அவரைக் கொடி ஏற இன்னும் சில வாரம் இருக்கிறது.

மன்றாடுவோம். நாசரேத்தின் வீட்டில் உழைத்த ஆண்டவரே, பெத்தானியாவின் வீட்டில் விருந்துண்ட ஆண்டவரே, எங்கள் வீடுகளுக்கும் வாரும். எங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதியும். எங்களில் யாரும் தனியே நின்று களைத்துப்போகாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். உம் காலடியில் எல்லாரும் சேர்ந்து அமரும் நேரத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.